லண்டன் – பாரிஸ்: தூரமும் விமான நேரமும் நாமே கணக்கிடுவது எப்படி?

ஐரோப்பாவில் இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கூகுளில் தேடினால் பல எண்கள் வரும். எதை நம்புவது? ஒருமுறை நாமே போட்டுப் பார்த்தால் குழப்பம் தீரும். கால்குலேட்டர் இருந்தால் போதும்.

படி 1: விமான நிலையத்தை முடிவு செய்யுங்கள்

லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் எனப் பல விமான நிலையங்கள். பாரிஸுக்கு சார்ல் த கோல், ஓர்லி. மலிவு டிக்கெட்டில் 'பாரிஸ் போவே' என்று இருந்தால் கவனம், அது நகரிலிருந்து ஏறக்குறைய 80 கி.மீ. தள்ளி இருக்கிறது. நாம் ஹீத்ரோவையும் சார்ல் த கோலையும் எடுத்துக்கொள்வோம்.

படி 2: தூரம்

கூகுள் மேப்பில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சக்கோடு, இரண்டாவது தீர்க்கக்கோடு.

ஹீத்ரோ: 51.47 வடக்கு, 0.45 மேற்கு
சார்ல் த கோல்: 49.01 வடக்கு, 2.55 கிழக்கு

அட்சக்கோட்டு வித்தியாசம் 2.46 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ., ஆக 273 கி.மீ.

தீர்க்கக்கோட்டில்தான் பலரும் தடுக்கி விழுவார்கள். ஒன்று கிரீன்விச்சுக்கு (0 பாகை தீர்க்கக்கோடு) மேற்கே, மற்றது கிழக்கே. அதனால் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்: 3 பாகை. வடக்கே போகப் போக தீர்க்கக்கோடுகள் நெருங்கிவிடுவதால் வெறும் 111-ஆல் பெருக்கினால் தூரம் கூடுதலாக வரும். இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சக்கோடு சுமார் 50. அதன் கொசைன் (கால்குலேட்டரில் cos பொத்தான்) 0.64. 3 × 111 × 0.64 = 213 கி.மீ.

இனி பள்ளியில் படித்த பித்தாகரஸ்தான். 273-இன் வர்க்கத்தையும் 213-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 346 கி.மீ. இது நேர்கோட்டுத் தூரம். ஐரோப்பாவுக்குள் பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு இந்த முறை தாராளமாகப் போதும்.

படி 3: நேரம்

மணிக்கு 800 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 26 நிமிடம். ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் அல்லது கொஞ்சம் கூடுதலாகத்தான் போட்டிருக்கும். காரணம், அட்டவணை நேரம் விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, இறங்கி நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மேலேறுவது, சுற்றி வந்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். குறுகிய தூரத்தில் முழு வேகத்தில் பறக்கும் நேரமே குறைவு.

அதனால் வகுத்து வந்ததோடு முக்கால் மணி நேரம் கூட்டுங்கள். மாட்ரிட் – ரோம் சுமார் 1,330 கி.மீ.; வகுத்தால் 1 மணி 40 நிமிடம், கூட்டினால் 2 மணி 25 நிமிடம். அட்டவணையும் ஏறக்குறைய அதையே சொல்லும்.

படி 4: கடிகாரம்

பாரிஸ் எப்போதும் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால். கோடைக்கால நேர மாற்றமும் இரண்டு நாட்டிலும் ஒரே நாளில் வருவதால் இந்த வித்தியாசம் மாறாது. காலை 10:00-க்குக் கிளம்பினால் பாரிஸில் 12:15 என்று காட்டும். திரும்பும்போது 10:00-க்குக் கிளம்பி லண்டனில் 10:15! இரண்டுமே ஒன்றேகால் மணி நேரப் பயணம்தான்.

படி 5: வீட்டு வாசலிலிருந்து

விமான நிலையத்துக்குப் போகும் நேரம், பாதுகாப்புச் சோதனை, அப்புறம் பாரிஸ் நகருக்குள் போகும் நேரம் எல்லாவற்றையும் சேருங்கள். யூரோஸ்டார் ரயில் லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து பாரிஸ் கார் து நோருக்குச் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் போய்விடும். இரண்டு நிலையங்களும் நகருக்குள்ளேயே உள்ளன. இரு நாட்டு பாஸ்போர்ட் சோதனையும் லண்டனில் ஏறும் முன்பே முடிந்துவிடும். நகரிலிருந்து நகருக்குப் போகிறவர்களுக்கு என் ஓட்டு ரயிலுக்குத்தான். ஹீத்ரோவில் வந்திறங்கி அங்கிருந்தே பாரிஸ் போகிறவர்களுக்கு மட்டும் விமானம் சரி.