மோரிஸ் மைனர் 1000: டேஷ்போர்டுக்குள் வயரிங்கைப் புதுப்பிக்கும் முறை

மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரை வைத்திருப்பவர்கள் கார்புரேட்டரைப் பிரிக்கத் தயங்குவதில்லை. பிரேக் சிலிண்டரைக் கழற்றி ரப்பர் மாற்றவும் தயங்குவதில்லை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் வயரிங் என்றால் மட்டும் பலரும் வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு விளக்கு எரியாவிட்டால் பழைய வயரைத் தேடாமல் புது வயர் ஒன்றை மேலாக இழுத்துவிடுகிறார்கள். நான் 1959-ஆம் ஆண்டு வண்டி ஒன்றின் டேஷ்போர்டை முதன்முறை திறந்தபோது, தொழிற்சாலையில் போட்ட ஹார்னஸை, அதாவது வயர்களை ஒன்றாகக் கட்டிய கற்றையை, சுற்றி அப்படி இழுக்கப்பட்ட வயர்கள் கொடியைப் போலப் படர்ந்திருந்தன. அவற்றில் பாதி எங்கும் போய்ச் சேராமல் நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த வண்டியில் புகை வந்த பிறகுதான் நான் அதைத் திறந்தேன். நீங்கள் புகை வருவதற்கு முன்பே திறக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1950-களின் மைனரில் வயர்களுக்கு ரப்பர் காப்பும் அதன்மேல் பருத்தி நூல் பின்னலும் இருக்கும். ரப்பர் காலப்போக்கில் இறுகி, மண்ணைப் போல் உதிரும். அசையாமல் கிடக்கும்வரை அது வேலை செய்வதுபோலவே தோன்றும். கையால் வளைத்துப் பார்த்த கணத்தில் வெடித்துச் செம்பு வெளியே தெரியும். ஆகவே பேட்டரி இணைப்பு இருக்கும்போது பழைய ஹார்னஸைத் தொட்டு அசைத்துப் பார்ப்பதே ஆபத்து. வளைத்தால் உதிரும் நிலையில் ஒரே ஒரு வயர் இருந்தாலும், அந்த ஒன்றை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. அதே வயதுடைய மற்ற வயர்களும் அதே நிலையில்தான் இருக்கும். முழு ஹார்னஸையும் மாற்றிவிடுவதே என் பரிந்துரை.

வேலையைத் தொடங்குமுன் உறுதிசெய்ய வேண்டிய முதல் செய்தி, வண்டியின் எர்த், அதாவது பேட்டரி பாடியோடு இணையும் முனை, எந்தப் பக்கம் என்பது. மைனர், பாசிட்டிவ் எர்த் வண்டியாகத் தயாரிக்கப்பட்டது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும்; கறுப்பு எர்த் வயர்கள் எல்லாம் பாசிட்டிவ். முந்தைய உரிமையாளர்களில் யாராவது இதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், ஊகிக்காமல் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் கேபிளைக் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். இன்றைய செல்போன் சார்ஜர்களின் உலோக உறை பெரும்பாலும் நெகட்டிவோடு இணைந்திருக்கும்; பாசிட்டிவ் எர்த் வண்டியில் அந்த உறை டேஷ்போர்டின் இரும்பில் பட்டால் நேரடி ஷார்ட்தான். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பாடியில் வைத்து அளந்தால் அளவுக்கு முன்னால் கழித்தல் குறி வரும். அது பழுதின் அடையாளம் அன்று.

பேட்டரியைக் கழற்றும்போது எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மறுமுனையை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். கைக்கடிகாரம், மோதிரம், கைச்சங்கிலி எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிடுங்கள். முன் இருக்கைகளையும் கழற்றிவிட்டு, ஒரு தலையணையை வைத்து மல்லாந்து படுத்துக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்ய முடியும். துருத்தூளும் நூல் தூசியும் நேரே கண்ணில் விழும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். கழுத்து வலிக்கத் தொடங்கிய பிறகு போடும் இணைப்புகள் சரியாக அமைவதில்லை.

இனி, இந்த வேலையின் பெரும்பகுதியான படித்தறிதல். பழைய ஹார்னஸைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டு திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். லூகாஸ் நிறுவனத்தின் மின்கருவிகள் பொருத்திய வண்டிகளில் ஒவ்வொரு வயருக்கும் நிற ஒழுங்கு உண்டு. அதை மனத்தில் ஏற்றிக்கொண்டால் பாதி அச்சம் போய்விடும். பழுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவி அணைந்திருந்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். வெள்ளை, இக்னிஷன் சாவியைத் திருப்பினால் உயிர் பெறுவது. இக்னிஷன் காயிலும் எஸ்.யு. நிறுவனத்தின் மின்சாரப் பெட்ரோல் பம்பும் இதில்தான் ஓடுகின்றன. பச்சை, அதே இக்னிஷன் மின்சாரம் பியூஸைத் தாண்டி வந்தது. வைப்பர், பிரேக் லைட், இண்டிகேட்டர், பெட்ரோல் மீட்டர் ஆகியவற்றுக்குப் போவது. ஊதா, பியூஸ் வழியாக எப்போதும் மின்சாரம் உள்ளது; ஹார்னுக்கு உரியது. சிவப்பு, பார்க்கிங் விளக்குகளுக்கு. நீலம், ஹெட்லைட்டுக்கு, காலால் மிதிக்கும் டிம் சுவிட்சைத் தாண்டிய பிறகு நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு லோ பீம். பச்சையில் சிவப்புக் கோடு இடப்பக்க இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலப்பக்கம். பச்சையில் கறுப்புக் கோடு பெட்ரோல் டாங்கிலிருந்து மீட்டருக்கு வருவது. வெள்ளையில் பழுப்புக் கோடு, ஆயில் பிரஷர் எச்சரிக்கை விளக்கு. இண்டிகேட்டர் விளக்குகள் மைனருக்கு வந்தது 1961-இல்தான். அதற்கு முந்தைய வண்டி என்றால் கதவுத் தூணிலிருந்து எழும் கை போன்ற டிராஃபிகேட்டர்களுக்கு வயர் போகும், பின்னால் யாராவது இண்டிகேட்டர் சேர்த்திருந்தால் அதன் நிறங்களை நம்பக் கூடாது.

நடைமுறையில் இந்த நிறங்கள் எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அறுபது ஆண்டு அழுக்கில் எல்லா வயர்களும் ஒரே சாம்பல் பழுப்பாக மாறியிருக்கும். நிறம் வெளுக்காத இடங்கள் இரண்டு உண்டு: வயர்களை இணைக்கும் புல்லட் கனெக்டரின் ரப்பர் உறைக்குள் புதைந்த நுனி, ஹார்னஸின் மேலுறைக்குள் வெளிச்சம் படாமல் கிடந்த பகுதி. உறையை இரண்டு அங்குலம் கீறிப் பாருங்கள். நூலின் கோடு நேற்றுப் பின்னியதுபோலத் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால், பேட்டரியைக் கழற்றிய நிலையில், வயரின் இரு முனைகளையும் டெர்மினல்களிலிருந்து விடுவித்து மல்டிமீட்டரின் ஒலி அமைப்பை வைத்துத் தொடர்ச்சி பாருங்கள். முனைகளை விடுவிக்காமல் பார்த்தால் பல்பின் இழை வழியாகச் சுற்றி வந்து மீட்டர் ஒலித்து உங்களை ஏமாற்றும்.

ஒவ்வொரு டெர்மினலையும் கழற்றுமுன் புகைப்படம் எடுங்கள். அதோடு நிற்காமல் ஒரு நோட்டில் சுவிட்சுகளின் பின்புறத்தை வரைந்து, எந்தத் திருகில் எத்தனை வயர், என்ன நிறம் என்று எழுதுங்கள். படத்தில் ஒன்றன்பின் ஒன்று மறைந்திருக்கும் மூன்று வயர்களை நோட்டு மறைக்காது. மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டும் சீட்டுகள் நம் ஊர் வெக்கையில் இரண்டு நாளில் கழன்று விழும். நூல் கட்டிய அட்டைச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கட்டுங்கள். பேனா மை வியர்வையில் கலைந்துவிடும். பின்னாளில் சேர்க்கப்பட்ட வயர்களுக்கு வேறு நிற அட்டை வைத்துக்கொண்டால், எதைத் திரும்பப் போட வேண்டியதில்லை என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

எனக்குப் புகை வந்த காரணத்தை இங்கே சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் ரேடியோவுக்காகப் பழுப்பு வயரின் காப்பைச் சீவி, வேறொரு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார். டேப்பின் பசை வெயிலில் உருகி அவிழ, செம்பு டேஷ்போர்டின் விளிம்பில் பட்டது. மைனரில் இரண்டே பியூஸ்கள்தான். ஒன்று ஊதாவுக்கு, ஒன்று பச்சைக்கு. பழுப்பு, வெள்ளை, ஹெட்லைட்டின் நீலம் ஆகியவற்றுக்குப் பியூஸே கிடையாது. கார் பேட்டரி ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்க வல்லது. தடுக்கப் பியூஸ் இல்லாத இடத்தில் வயரே பியூஸாகி எரியும், பக்கத்து வயர்களையும் சேர்த்து எரிக்கும். என் வண்டியில் சாவி அணைந்திருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

இதனால், பார்வைக்கு அசல்போல இருக்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கும் உண்டு என்றாலும், சில பியூஸ்களைச் சேர்த்துவிடும்படி அழுத்திச் சொல்வேன். ஹெட்லைட்டுக்குப் பியூஸ் போடும்போது இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். ஒரே பியூஸ் போட்டால் அது போகும் இரவில் இரண்டு விளக்குகளும் ஒன்றாக அணைந்து சாலை இருண்டுவிடும். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு துண்டிப்புச் சுவிட்ச் வைத்து, வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அணைத்துவிடுங்கள். பழைய பியூஸை மாற்றும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. லூகாஸ் கண்ணாடி பியூஸில் 35 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர் மட்டுமே. இன்றைய கடையில் 35 என்று கேட்டு வாங்கும் பியூஸ் 35 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும், உங்கள் வயர் தாங்காது. 15 ஆம்பியர் பியூஸ் போதும்.

வயரின் தடிமனைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுங்கள். பழைய அளவில் 14 இழை, 28 இழை, 44 இழை என்று வரும். ஒவ்வோர் இழையும் 0.30 மி.மீ. இவை முறையே 1, 2, 3 சதுர மி.மீ. வயர்கள், தோராயமாக 8, 17, 25 ஆம்பியர் தாங்குபவை. 45 வாட் ஹெட்லைட் இரண்டு சேர்ந்து 90 வாட். 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர். 60 வாட் ஹாலஜன் மாட்டினால் 10 ஆம்பியர். அது பழைய சுவிட்சைச் சூடாக்கும் என்பதால் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்து, சுவிட்சுக்கு ரிலேயை இயக்கும் சிறு மின்சாரத்தை மட்டும் கொடுங்கள். மைனரின் டைனமோ தருவதே 20 ஆம்பியருக்குப் பக்கத்தில்தான் என்பதால், புதிய கருவிகளைச் சேர்த்துக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு. வீட்டு வயரிங்கில் மிஞ்சியதை எடுத்துப் போடாதீர்கள். பெட்ரோலும் ஆயிலும் சூடும் தாங்கும் பல இழை ஆட்டோ கேபிளே வேண்டும். நிறமும் அசல் ஒழுங்கிலேயே இருக்கட்டும். எல்லா இடத்திலும் சிவப்பு வயர் போட்டவர் தனக்குப் பின் வருபவருக்குப் பெருந்துன்பம் வைத்துப்போகிறார்.

அசல் அளவில் பின்னிய ஹார்னஸ் விலைக்குக் கிடைக்கிறது. வாங்க முடிந்தால் அதுவே நல்லது. வந்ததும் பழையதைப் பக்கத்தில் தரையில் விரித்து, கிளைகள் ஒரே இடத்தில் பிரிகின்றனவா, நீளம் சரியா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பழையதை வெளியே இழுக்கும்போது அதன் நுனியில் உறுதியான நூலைக் கட்டிவிட்டால், அதே வழியில் புதியதை இழுத்துவரலாம். எஞ்சின் அறைக்கும் உள்ளுக்கும் இடையிலுள்ள தகட்டுத் துளையில் வயர் விளிம்பில் உரசாமல் காக்கும் ரப்பர் வளையமான குரோமெட்டைப் புதிதாகப் போடாமல் வயரை நுழைக்கவே கூடாது. ஸ்பீடோமீட்டரை முன்னால் எடுப்பதற்கு முன் அதன் பின்புறக் கேபிள் நட்டைக் கழற்றுங்கள். எச்சரிக்கை விளக்குகளின் வயர்களை அந்த நேரத்தில்தான் வசதியாக மாட்ட முடியும். டெர்மினல்களை வயரில் நசுக்கிப் பொருத்த நல்ல க்ரிம்ப் கருவியை வாங்குங்கள். சோல்டர் மட்டும் வைத்தால் அது இழைகளுக்குள் ஏறி வயரைக் கம்பியாக இறுக்கும். அந்த இறுகிய இடம் அதிர்வில் ஒடியும். முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

வண்டிக்குப் புது பெயின்ட் அடித்திருந்தால் எர்த் சரியாகக் கிடைக்காது. மீட்டர்களும் பானல் விளக்குகளும் தங்கள் உலோக உடல் வழியாகவே எர்த் பெறுகின்றன. பெயின்ட் அதைத் தடுக்கும். ஒரு விளக்கைப் போட்டால் மற்றொன்று மங்குவது இதன் அறிகுறி. ஒரு போல்ட்டின் அடியில் இரும்பு மின்னும்வரை சுரண்டி, கறுப்பு வயர்கள் அனைத்தையும் அங்கே சேர்த்து, மேலே சிறிது கிரீஸ் தடவிவிடுங்கள்.

எல்லாம் மாட்டியபின் பேட்டரியை நேரடியாக இணைக்காதீர்கள். பேட்டரி முனைக்கும் கேபிளுக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக வையுங்கள். ஷார்ட் இருந்தாலும் இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓடாது. பல்பு முழு ஒளியில் எரியும், வயர் பிழைக்கும். எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்கையில் பல்பு எரியவே கூடாது. எரிந்தால் பழுப்பு, ஊதா இரண்டிலும் தேடுங்கள். பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். பார்க்கிங் விளக்கு போட்டால் பல்பு மங்கலாக எரிவது இயல்பு. சாவியைத் திருப்பினால் இக்னிஷன் காயிலும் பம்பும் மின்சாரம் எடுப்பதால் அப்போதும் எரியும். ஹார்ன் பட்டனை அழுத்தாமலே ஹார்ன் முனகினால் ஊதாவில் கறுப்புக் கோடுள்ள வயர் எங்கோ பாடியில் உரசுகிறது; மைனரில் பட்டன் செய்வது ஹார்னுக்கு எர்த் கொடுப்பது மட்டுமே.

இந்தச் சோதனை தேறிய பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராக இணைத்து, ஹெட்லைட்டை எரியவிட்டு, பேட்டரியிலும் ஹெட்லைட் டெர்மினலிலும் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் நடுவில் ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. பத்து நிமிடம் கழித்துக் கையால் தடவிப் பாருங்கள், சூடாக இருப்பதே அது. முதல் இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் டெர்மினல் திருகுகள் அனைத்தையும் இன்னொருமுறை இறுக்குங்கள். அதுவரை டேஷ்போர்டின் கீழ்த்தகட்டை மூட வேண்டாம்.