ஒரே ஃபெரி, ஆறு கட்டுரைகள்: எழுதத் தொடங்குவோருக்கு

கட்டுரை எழுதச் சொன்னதும் பெரும்பாலான மாணவர்கள் முதலில் தேடுவது முன்னுரையைத்தான். “இன்றைய நவீன காலகட்டத்தில்...” என்று மனப்பாடமாக ஒரு வரி கைவசம் இருக்கும். அதை எழுதிவிட்டு, அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். மலேசியாவின் பினாங்கில் படிவம் நான்கு, ஐந்து (மேல்நிலைப் பள்ளி) மாணவர்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிற எனக்கு இது அடிக்கடி கண்ணில் படுகிறது. இவர்களுக்குத் தமிழ் வராமல் இல்லை. வாயைத் திறந்தால் அருமையாகப் பேசுவார்கள். வேலையைத் தலைகீழாகத் தொடங்குவதுதான் சிக்கல். முன்னுரை கடைசியில் எழுத வேண்டியது. தலைப்பு நம்மிடம் என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இதைக் காட்ட, இங்கே எல்லாருக்கும் பழக்கமான ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: பெருநிலத்திலுள்ள பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்கும் இடையே ஓடும் ஃபெரி, அதாவது பயணப் படகு. தேவையான தகவல்கள் இவ்வளவுதான். சேவை தொடங்கியது 1894-இல். 1985-இல் முதல் பாலம் திறக்கும் வரை பெருநிலத்திலிருந்து கார் தீவுக்கு வர ஃபெரியை விட்டால் வேறு வழியில்லை. 2014-இல் இரண்டாம் பாலம் வந்தது. 2021 முதல் ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்டில் புதிய ஃபெரிகள் ஓடத் தொடங்கின. அவற்றில் நடந்து வருவோர், மோட்டார் சைக்கிள், சைக்கிள் மட்டும்தான்.

படி 1: தலைப்பு இடும் கட்டளையைப் பாருங்கள்

கட்டுரையின் வகையைத் தீர்மானிப்பது பொருள் அல்ல. ஃபெரியைப் பற்றி ஆறு விதமாகக் கேட்கலாம், ஆறுக்கும் ஆறு விதமாகத்தான் எழுத வேண்டும்.

“காலை நேர ஃபெரிப் பயணத்தை வருணித்து எழுதுக” என்று வந்தால் அது வருணனைக் கட்டுரை. கண்ணும் காதும் மூக்கும் வேலை செய்ய வேண்டும். ஃபெரி புறப்படும்போது காலடியில் தெரியும் அதிர்வு, டீசல் வாடை, உப்புக்காற்று, நெருங்க நெருங்க உயர்ந்துகொண்டே வரும் கொம்தார் கட்டடம். 1894 என்ற ஆண்டுக்கு இங்கே வேலையே இல்லை. ஏறுவதில் தொடங்கி இறங்குவதில் முடித்தால் வரிசை தானாக அமைந்துவிடும்.

“ஃபெரி சேவையின் நன்மைகளை விளக்கி எழுதுக” என்றால் கருத்து விளக்கக் கட்டுரை. பத்திக்கு ஒரு நன்மை, அதற்குச் சான்று, அதற்கு விளக்கம். தேர்வில் அதிகமான மாணவர்கள் தேர்ந்தெடுப்பது இதைத்தான், எளிது என்று நினைத்து. பாதிப் பேர் பட்டியல் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். விளக்கம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

“ஃபெரியில் மீண்டும் கார்களை ஏற்ற வேண்டும்” என்பது வாதக் கட்டுரைக்கான தலைப்பு. ஒட்டி எழுதலாம், வெட்டியும் எழுதலாம். ஆனால் ஒரு பக்கம் நின்றால் கடைசி வரி வரை அந்தப் பக்கமே நிற்க வேண்டும்.

“பாலங்கள் இருக்கையில் ஃபெரி தேவையா? விவாதித்து எழுதுக” என்பது விவாதக் கட்டுரை. இரண்டு பக்கத்தையும் நேர்மையாக எடை போட்டுவிட்டு, பிறகு முடிவு சொல்ல வேண்டும். இங்கே நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: உங்களுக்குப் பிடிக்காத தரப்பின் மிக வலுவான கருத்தை எடுங்கள். லாரியும் சரக்கும் ஃபெரியில் போக முடியாது, பாலத்தில் போகலாம். இதை ஒப்புக்கொண்டுவிட்டு, “ஆனால் கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வருபவர் பட்டர்வொர்த்தில் இறங்கி நடந்தே ஃபெரிக்குப் போகலாம், பாலத்தில் ரயில் இல்லை” என்று எழுதினால் வாசிப்பவர் உங்களை நம்புவார். எதிர்த்தரப்பின் சொத்தைக் கருத்தை எடுத்து அடித்து வீழ்த்துவதில் பெருமை ஒன்றும் இல்லை.

“நான் ஒரு பழைய ஃபெரி” என்றால் தன்கதை. இதில் எல்லாரும் ஒரே பாதையில் போகிறார்கள்: பிறந்தேன், பெயர் வைத்தார்கள், உழைத்தேன், பழுதடைந்தேன், மூலையில் கிடக்கிறேன். அந்தப் பாதையை விட்டு, ஒரு நாளில் தொடங்கிப் பாருங்கள். 2020-இன் கடைசி நாள், இனி கார் ஏறாது என்று தெரிந்த நாள். அப்புறம் பின்னோக்கிப் போகலாம். இன்னொன்று, பேசும் பொருளுக்குத் தெரிந்திருக்கக்கூடியது மட்டுமே கதையில் வர வேண்டும். பாலத்தின் மேல் நடந்த விபத்தை ஃபெரி விலாவாரியாகச் சொன்னால் கதை நம்பும்படி இருக்காது. தன்மேல் ஏறிய பயணிகள் பேசிக்கொண்டதாக அது கேட்டுச் சொல்லலாம்.

ஆறாவது, அமைப்புக் கட்டுரை: கடிதம், அறிக்கை, உரை, நாட்குறிப்பு போன்றவை. ஃபெரி நேரத்தைக் கூட்டச் சொல்லி விண்ணப்பக் கடிதம் எழுதலாம், பள்ளிச் சுற்றுலாவைப் பற்றி அறிக்கை எழுதலாம். முகவரி, தேதி, தலைப்பு, கையொப்பம் ஆகியவற்றின் இடத்தை ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டால் போதும்.

படி 2: உங்கள் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

தாளின் ஓரத்தில் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். “பாலம் வண்டிக்கு, ஃபெரி மனிதருக்கு, ஆகவே இரண்டும் வேண்டும்.” இப்படி ஒரு வாக்கியம் வரவில்லை என்றால் இன்னும் யோசித்து முடிக்கவில்லை என்று அர்த்தம். அப்போது எழுதத் தொடங்காதீர்கள். வருணனைக்கும் இது பொருந்தும். அங்கே கருத்து இருக்காது, ஓர் உணர்வு இருக்கும்: “தூக்கம் கலையாத ஊர் மெல்ல விழிக்கிறது.”

படி 3: கொட்டுங்கள், பிறகு கழியுங்கள்

தோன்றியதை எல்லாம் சொல் சொல்லாகக் குறித்துக்கொள்ளுங்கள். நெரிசல், மழை, ரயில், சுற்றுலாப் பயணி, கடல் காற்று, கட்டணம், தாத்தா காலத்துக் கதை. ஒரு வரிகூடத் தடுக்காதீர்கள். பிறகு படி 2-இல் எழுதிய வாக்கியத்துக்கு உதவாததை அடித்துவிடுங்கள். மிஞ்சுவதில் மூன்றோ நான்கோ போதும். வலுவானதைக் கடைசியில் வையுங்கள், வாசிப்பவர் மனத்தில் நிற்பது அதுதான்.

படி 4: பத்தி

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பத்தி எழுதத் தெரிந்தவருக்குக் கட்டுரை எழுதத் தெரியும் என்றே சொல்வேன். மாணவர்கள் எழுதும் பத்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“ஃபெரி சேவை மக்களுக்கு மிகவும் நன்மையானது. இது மக்களுக்குப் பல வகைகளில் உதவுகிறது. இதனால் மக்கள் பெரிதும் பயன் அடைகின்றனர். எனவே, ஃபெரி சேவை மக்களுக்கு ஒரு வரப்பிரசாதம் என்றால் அது மிகையாகாது.”

நான்கு வாக்கியம், இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் முதல் வாக்கியத்துக்குப் பிறகு புதிதாக ஒன்றுமே சொல்லப்படவில்லை. யார் பயன் அடைந்தார், எப்படி? “ஃபெரி” என்ற சொல்லை எடுத்துவிட்டு “நூலகம்” என்று போட்டாலும் பத்தி அப்படியே பொருந்தும். ஒரு பத்தி எதற்கும் பொருந்துகிறது என்றால் அது எதைப் பற்றியும் பேசவில்லை. இந்தச் சோதனையை உங்கள் ஒவ்வொரு பத்திக்கும் செய்து பாருங்கள். இப்போது அதையே திருத்துவோம்:

“மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்வோருக்கு ஃபெரி பெரிய ஆறுதல். முதல் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே செல்கிறது. காற்றும் மழையும் சேர்ந்துகொண்டால் அவ்வளவு தூரமும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நனைந்தபடி ஓட்ட வேண்டும். ஃபெரியிலோ வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து செல்லலாம். பாலத்தில் கார் ஓட்டுபவருக்கு மழை வெறும் தாமதம். இவருக்கு அது ஆபத்து. அந்த ஆபத்தை ஃபெரி குறைக்கிறது.”

முதல் வாக்கியம் யாருக்கு நன்மை என்று சொல்லிவிடுகிறது. அடுத்தது சான்று, சரிபார்க்கக்கூடிய எண். மூன்றாவதும் நான்காவதும் அந்த எண் ஒரு மனிதரின் உடம்புக்கு என்ன செய்கிறது என்று விளக்குகின்றன. கடைசி மூன்றும் தலைப்புக்குத் திரும்புகின்றன. பாலத்தின் நீளத்தைச் சொன்னதோடு நின்றிருந்தால் அது பொது அறிவுக் குறிப்பாகத்தான் இருந்திருக்கும். எண்ணைச் சொன்னால் அடுத்த வாக்கியத்திலேயே அதற்கு ஒரு வேலை கொடுங்கள்.

படி 5: மொழியணி

திருக்குறள், பழமொழி, மரபுத்தொடர், இணைமொழி, உவமைத்தொடர் எல்லாம் நம் பாடத்தில் உண்டு. மனப்பாடமும் செய்திருப்பீர்கள். அவற்றைத் திணிக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். “அல்லும் பகலும் உழைத்தார்” என்று வருகிற இடத்தில் இணைமொழி தன் வேலையைச் செய்கிறது. ஒரே பத்தியில் இரண்டு பழமொழியும் ஒரு குறளும் வந்தால் உங்கள் குரல் எங்கே என்று தேட வேண்டியதாகிவிடும். அந்த மொழியணியை எடுத்துவிட்டால் பத்தியின் பொருள் குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் அது தேவையில்லை.

படி 6: இப்போது முன்னுரை

உடல் பத்திகள் முடிந்துவிட்டன, என்ன சொல்லியிருக்கிறோம் என்று நமக்கே தெரியும். இனி முன்னுரை எழுதுவது சுலபம். மூன்று நான்கு வாக்கியம் போதும்: பொருளை அறிமுகப்படுத்துங்கள், கேள்வியை வையுங்கள், நீங்கள் நிற்கும் பக்கத்தைக் காட்டுங்கள். “1985 வரை பினாங்குத் தீவுக்குக் கார் வர ஒரே வழி ஃபெரி. இன்று இரண்டு பாலங்கள் இருக்கின்றன. பிறகு எதற்கு ஃபெரி?” இதைப் படித்தவர் அடுத்த பத்திக்குப் போகாமல் இருக்க மாட்டார். தேர்வில் முன்னுரைக்கென்று மேலே ஏழெட்டு வரி விட்டுவிட்டு உடல் பத்தியைத் தொடங்கலாம். பழகிக்கொண்டால் சிரமம் இல்லை.

முடிவுரையில் பழைய கருத்தை வரிசையாகத் திரும்பச் சொல்லாதீர்கள். உங்கள் தீர்ப்பையும் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதையும் எழுதினால் போதும்.

படி 7: வாய்விட்டுப் படியுங்கள்

தேர்வு மண்டபத்தில் என்றால் உதட்டளவில். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீண்டுவிட்டது, இரண்டாக வெட்டுங்கள். ல, ள, ழ மற்றும் ன, ண குழப்பம் காதில் பாதி பிடிபடும். வல்லினம் மிகும் இடங்களைத் தனியாக ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். “மக்கள் பயணம் செய்கிறது” என்பது போன்ற ஒருமை பன்மைப் பிழை அவசரத்தில் எல்லாருக்கும் வருவதுதான், அதற்கென்றே ஒரு வாசிப்பு வையுங்கள்.

பயிற்சிக்கு இரண்டு பொருள் தருகிறேன். பினாங்குக் கொடிமலை ரயில், 1923-இல் ஓடத் தொடங்கியது. இதை வருணனையாகவும் தன்கதையாகவும் எழுதிப் பாருங்கள். அடுத்தது, தமிழ்க் கல்வி. மலேசியாவில் அது 1816-இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கியது. இதை வைத்து வாதம் ஒன்றும் விவாதம் ஒன்றும் எழுதுங்கள். நான்கையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். முதல் வாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதி, “நூலகம்” என்று மாற்றிப் போட்டுச் சோதித்துவிட்டு, அடுத்த பத்திக்குப் போங்கள்.