நெட் ரன் ரேட்: ஸ்கோர் நோட்டில் விழும் தவறுகள்

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் நின்றுவிட்டால், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கிரிக்கெட் டோர்னமென்ட் நடத்த ஆள் சேர்வது சுலபம். 8 ஓவர் ஆட்டம், லீக் முறை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் அரையிறுதிக்கு யார் என்பதை நெட் ரன் ரேட்தான் முடிவு செய்யும்: ஓவருக்கு எடுத்த ரன்னில் இருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது. ஓவர் குறைவு என்பதால் சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும்.

முதல் தவறு போன் கால்குலேட்டரில் நடக்கிறது. 6.4 ஓவர் என்றால் ஆறு ஓவரும் நாலு பந்தும். கணக்குக்கு அது 6.667. 65 ரன்னை 6.4-ஆல் வகுத்தால் 10.16 வரும், சரியான விடை 9.75. கூட்டும்போதும் அப்படித்தான்: 6.4-ம் 7.5-ம் சேர்ந்தால் 13.9 அல்ல, 14.3. ஓவரை விட்டுவிட்டுப் பந்தாகவே எழுதுங்கள். ரன்னை 6-ஆல் பெருக்கி, பந்து எண்ணிக்கையால் வகுத்தால் வேலை முடிந்தது. வைடும் நோ பாலும் ரன்னில் சேரும், பந்தில் சேராது.

தகராறு அதிகம் வருவது ஆல் அவுட்டில்தான். 8 ஓவரில் 72 எடுத்த அணி, எதிரணியை 6.2 ஓவரில் 48-க்குச் சுருட்டுகிறது. 48-ஐ வகுக்க வேண்டியது முழு 8 ஓவரால். அப்போது 9.00-இல் 6.00 போக +3.00. 6.2 ஓவருக்குப் போட்டால் +1.42 ஆகிவிடும், சீக்கிரம் சுருட்டியதற்காகப் பந்து போட்டவர்களுக்கே தண்டனை கொடுத்தது போல.

அதே அணி அடுத்த ஆட்டத்தில் 64-ஐத் துரத்தி, 6.4 ஓவரில் 65 எடுக்கிறது: +1.75. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 2.375 என்று எழுதக் கூடாது. மொத்தமாகப் பாருங்கள். எடுத்தது 88 பந்தில் 137, அதாவது 9.341. கொடுத்தது 96 பந்தில் 112, அதாவது 7.000. நெட் ரன் ரேட் +2.341. இந்த 0.034 வித்தியாசம் ஓர் அணியை ஊருக்கு அனுப்பப் போதும்.

சேஸிங்கில் ‘இத்தனை பந்துக்குள் அடித்தால் உள்ளே’ என்று ஒரே எண்ணைச் சொல்லி நிறுத்துவது இன்னொரு தவறு. 2023 ஆசியக் கோப்பையில், செப்டம்பர் 5 அன்று லாகூரில், இலங்கையின் 291-ஐத் துரத்திய ஆப்கானிஸ்தானுக்கு அடுத்த சுற்றுக்குப் போக 37.1 ஓவரில் 292 வேண்டியிருந்தது. ஸ்கோர் 289-இல் நிற்க, அந்தப் பந்தில் விக்கெட் விழுந்தது. வாய்ப்பு போய்விட்டது என்றே நினைத்தார்கள். உண்மையில் 37.4-க்குள் 295 எட்டினாலும் அடுத்த சுற்று கிடைத்திருக்கும். ஒரு சிக்ஸ் போதும். அடுத்து வந்தவர் இரண்டு பந்தைக் கட்டை போட்டார், 37.4-இல் எல்பிடபிள்யூ. ஆட்டமும் 2 ரன்னில் போனது. வெற்றி அடி ஃபோரோ சிக்ஸோ ஆனால் முழு ரன்னும் சேரும். ஆகவே ஸ்கோரர் மூன்று எண் கொடுக்க வேண்டும்: சிங்கிளில் முடித்தால் எத்தனையாவது பந்து, ஃபோரில் முடித்தால், சிக்ஸில் முடித்தால்.

மழையில் முடிவில்லாமல் கைவிட்ட ஆட்டம் கணக்கில் வராது. முதல் அணி 8 ஓவரில் 80 எடுத்து, மழைக்குப் பின் அடுத்த அணிக்கு 5 ஓவரில் 56 டார்கெட் என்றால், முதல் அணிக்கு 5 ஓவரில் 55 என்றுதான் எழுத வேண்டும். சூப்பர் ஓவர் ரன்னைச் சேர்க்கவே கூடாது.