பேக்கேஜிங் டிசைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வெள்ளை மையை மறந்தவன் சொல்வது

போன வாரம் ஒரு தம்பி, பவுச் டிசைன் ஒன்றை அனுப்பி "பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்றான். ஃபைலைத் திறந்ததும் வயிற்றைப் பிசைந்தது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே தப்பு, அப்படியே இருக்கிறது. எழுத்துப் பிழை பார்ப்பது, ப்ளீட் விடுவது, ஃபாண்டை அவுட்லைன் ஆக்குவது எல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

வெள்ளையும் ஒரு மைதான்

காகிதத்தில் வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு இது உறைப்பதே இல்லை. சிஎம்ஒய்கே மைகள், அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகள், ஒளி ஊடுருவுபவை. மஞ்சள் மஞ்சளாகத் தெரிவது மையால் மட்டுமல்ல, அடியில் காகிதம் வெள்ளையாக இருப்பதாலும்தான். வெள்ளிப் பளபளப்புள்ள ஃபிலிமில் அந்த வெள்ளை கிடையாது, நாம்தான் தனி மையாக அச்சிட வேண்டும்.

எனக்கு அது தெரியாது. சோப்புத்தூள் பவுச், முழுக்க எலுமிச்சை மஞ்சள், திரையில் அப்படி ஒரு பிரகாசம். அச்சகத்திலிருந்து போன் செய்து "வெள்ளை எங்கெங்கே வரணும்?" என்று கேட்டார்கள். நான் கொஞ்சம் எரிச்சலோடு, "டிசைன்ல வெள்ளையே இல்லையே, பார்க்கலையா?" என்றேன். அவர்களும் சரி என்று வைத்துவிட்டார்கள். ரோல் வந்தது. எலுமிச்சை மஞ்சள், விளக்காத பித்தளைப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. படத்தில் சிரித்த பெண்ணின் முகம் சாம்பல் பூத்திருந்தது. பார்கோடு கண்ணாடி மாதிரி மின்னியதில் ஸ்கேனர் அதைப் படிக்கவே இல்லை. மொத்த ரோலும் குப்பைக்குப் போனது. என் கூலியும் போனது, அந்த க்ளையண்டும் போனார். இன்றைக்கும் எங்காவது பித்தளை மஞ்சளில் ஒரு பவுச் தொங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

வெள்ளைக்கென்று ஒரு ஸ்பாட் கலர் (நான்கு மைகளில் கலக்காமல் தனி மையாக அச்சிடும் நிறம்) உருவாக்கி, அதை எல்லாவற்றுக்கும் மேலே தனி லேயரில் வைத்து, ஓவர்பிரிண்ட் (அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் விடும் அமைப்பு) கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு மைக்கும் ஒரு ப்ளேட்டாக (அச்சுத் தகடாக) பிரிக்கும்போது அந்த வெள்ளை, கீழே உள்ள நிறங்களை வெட்டித் தின்றுவிடும். உலோகம் மின்ன வேண்டிய இடத்தில், லோகோ என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே மட்டும் வெள்ளையை விட்டுவிடலாம். வெள்ளை வடிவத்தை நிறத்தைவிட ஒரு மயிரிழை உள்ளே இழுத்து வையுங்கள், இல்லையென்றால் ஓரத்தில் எட்டிப்பார்க்கும். எவ்வளவு என்று அச்சகத்தைக் கேளுங்கள். ஃபிலிமின் உள்பக்கம் அச்சிடுகிறார்களா வெளிப்பக்கமா என்பதையும் கேளுங்கள். உள்பக்கம் என்றால் வெள்ளை கடைசியில் ஏறும், வெளிப்பக்கம் என்றால் முதலில். அவர்கள் போன் செய்து ஒன்றைக் கேட்டால், தெரியாமல் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பார்கோடை இடம் கிடைத்த மூலையில் தள்ளுவது

கடைப் பொருட்களில் இருக்கும் 13 இலக்க பார்கோடான இஏஎன்-13-ன் இயல்பான அளவு 37.29 × 25.93 மி.மீ. 80 சதவீதம் வரை சுருக்கலாம், அதற்குக் கீழே போகாதீர்கள். இரு பக்கமும் காலி இடம் வேண்டும். அழகுக்காகக் கோடுகளைச் சிவப்பில் போடுவார்கள் சிலர். ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைதான், ஒன்றுமே தெரியாது. சின்னக் குப்பியைச் சுற்றி ஒட்டும் லேபிள் என்றால், கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி திருப்பி வையுங்கள்.

பழைய முகத்தை ஒரேயடியாக அழிப்பது

ட்ராபிகானா என்ற அமெரிக்கப் பழச்சாறு பிராண்ட் 2009-ல் இதைச் செய்தது. ஆரஞ்சில் ஸ்ட்ரா குத்திய படத்தை எடுத்துவிட்டுப் பழச்சாறு நிறைந்த கண்ணாடி டம்ளரை வைத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்து, பழைய அட்டைக்கே திரும்பினார்கள். புது அட்டை அசிங்கமாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. அலமாரியில் கை தானாகப் போய் எடுக்கும் அடையாளம் அதில் இல்லை, அவ்வளவுதான். ரீபிராண்டிங் வேலை வந்தால், எதை மாற்றலாம் என்று கேட்பதற்கு முன் எதைத் தொடக் கூடாது என்று க்ளையண்டிடம் கேளுங்கள்.

பெட்டியைத் திரையிலேயே முடிப்பது

நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து, வெட்டி, மடித்துப் பாருங்கள். மேல் மூடியில் லோகோ தலைகீழாக நிற்பது மடித்தால்தான் தெரியும்.

பசை மடிப்பில் டிசைன்

வேண்டாம். மைக்கும் வார்னிஷுக்கும் மேல் பசை சரியாகப் பிடிக்காது.

வாட்ஸ்அப் கட்டைவிரலை ஒப்புதல் என்று நம்புவது

கையெழுத்து வாங்குங்கள்.

அந்தத் தம்பி நேற்று திருத்தி அனுப்பினான். வெள்ளை லேயர் அழகாகப் போட்டிருக்கிறான். ஓவர்பிரிண்ட் கொடுக்கவில்லை.