சினார் இலையும் ஹங்குல் மானும்: தாச்சிகாமில் வரைவதற்கு

ஸ்ரீநகரை அடுத்த தாச்சிகாம் தேசியப் பூங்காவில் இலையுதிர்காலத்தை வரைய விரும்புபவர், வனவிலங்குத் துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற்று, அக்டோபரில் விடியற்காலையிலேயே உள்ளே செல்வது நல்லது. அது ஹங்குல் மான்கள் இணைசேரும் பருவம் என்பதால், ஆண் மான்களின் குரல் கேட்கும் திசையில் பார்வையைச் செலுத்தலாம். மான் ஓரிடத்தில் நிற்காது. கொம்பின் வளைவையும் முதுகுக்கோட்டையும் மட்டும் அரை நிமிடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

இலையுதிர்காலத்தில் நிறம் மாறும் காஷ்மீரத்துச் சினார் மரத்தின் இலையில் சிவப்பை மட்டுமே காண்பது பலரும் செய்யும் தவறு (நானும் செய்திருக்கிறேன்). நரம்பையொட்டிச் சற்றே பச்சை எஞ்சியிருக்க, விளிம்பு பழுப்பேறிச் சுருண்டிருக்கும். நீர்வண்ணத்தில் முதலில் மஞ்சளைப் பூசி, ஈரம் காய்வதற்குள் செம்பழுப்பை விளிம்பில் தொட்டுவிட்டால், ஒரு நிறம் மற்றொன்றில் தானாகவே கசிந்து கலக்கும். குளிரில் தாள் மெதுவாகவே உலருமாதலால், இரண்டு வரைபலகைகளை எடுத்துச் செல்லுங்கள்.