பாறைக்கீறல்களைக் கண்டுபிடித்துப் பார்ப்பது எப்படி?

மலைமேல் இருக்கும் வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் செதுக்கிய பாறைக்கீறல்களைத் தேடிப் போகிறவர்கள் பல நேரம் அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு "எங்கே, ஒன்றையும் காணோமே" என்பார்கள். கண்ணில் கோளாறு இல்லை, போன நேரம் சரியில்லை. கீறலின் ஆழம் சில மில்லிமீட்டர்தான் என்பதால், வெளிச்சம் பாறையை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வந்தால்தான் உள்ளே நிழல் விழும், உச்சி வெயிலில் எல்லாம் மழுங்கிப் போய்விடும். எனவே காலையில் சூரியன் எழுந்த கையோடு போங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம்.

பருவமும் இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து மேட்டுநிலத்தில், குழியும் அதைச் சுற்றி வளையங்களுமாகப் புதிய கற்காலத்தவர் செதுக்கிய பாறைகளுக்குக் குளிர்காலமே நல்லது: டிசம்பர் நண்பகலில்கூட அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் 11 பாகை அளவில்தான் நிற்கும். அதே யோசனையோடு பிரான்சின் மோன் பெகோ மலைக்குப் போனால், 2,000 மீட்டருக்கு மேலே எல்லாம் பனிக்கு அடியில் கிடக்கும். அங்கே கோடைதான்.

வெயிலே இல்லையா? இருட்டும்வரை காத்திருந்து, டார்ச்சைப் பாறையின் ஓரத்தில், கிட்டத்தட்ட தரையோடு தரையாகப் பிடித்து, மெதுவாகச் சுற்றி வாருங்கள். இந்தச் சுற்றுவது முக்கியம், ஏனென்றால் வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. ஒரு பக்கத்திலிருந்து வெறும் கல்லாக இருந்தது, கால்வட்டம் நகர்ந்ததும் கொம்பு வைத்த மாட்டுத்தலையாக எழுந்து நிற்கும்.

அப்புறம், தெரிவதெல்லாம் மனிதன் செய்தது என்று நம்பிவிடாதீர்கள். பனியாறு இழுத்த கோடுகள் நேராக, ஒரே திசையில், இணையாகப் போகும். மழை அரித்த குழிக்கு ஒழுங்கான வடிவம் இருக்காது. கல்லால் கொத்திச் செய்ததை உருப்பெருக்கியில் பார்த்தால், சின்னச் சின்னப் புள்ளிக் குழிகள் நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருப்பது தெரியும், ரொம்பவும் தேய்ந்து போகாமல் இருந்தால்.

கோடுகளுக்குச் சாக்பீஸ் தீட்டாதீர்கள், பாசியைச் சுரண்டாதீர்கள். சுரண்டும்போது பாறையின் மேல்தோலும் சேர்ந்து வந்துவிடும். சாக்பீஸோ, நீங்கள் பார்த்ததாக நினைத்ததை அடுத்து வருபவர் தலையிலும் ஏற்றிவிடும். மோன் பெகோவில் கீறல் உள்ள பாறைமேல் நடக்கவும், இரும்பு முனைத் தடி ஊன்றவும் தடை உண்டு. குறியிட்ட பாதையை விட்டு விலகிப் போக வழிகாட்டி வேண்டும். அங்கிருந்த புகழ்பெற்ற 'குலத்தலைவர்' கல்லைப் பாதுகாப்புக்காகத் தாந்த் ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், மலையில் இருப்பது நகல்.

மேகமூட்டமான நாள் வீண் என்று திரும்பிவிட வேண்டாம், முப்பரிமாண மாதிரி செய்ய அதுதான் தோது. ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு படமும் முந்தையதை முக்கால் பங்காவது மூடும்படி போனில் சுற்றிச் சுற்றி எடுங்கள். பிறகு கணினியில் அந்தப் படங்களை ஒன்றுசேர்த்து மாதிரியாக்கி, நிறத்தை நீக்கிவிட்டு வெளிச்சத்தை எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் பாய்ச்சலாம். நேரில் தப்பியது அங்கே சிக்கும்.

புதிதாக ஏதாவது அகப்பட்டால் ஜிபிஎஸ் குறிப்போடு அந்தப் பகுதித் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள், இடத்தை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். சாயங்கால வெளிச்சத்துக்காக நிற்பவர் இருட்டில்தான் இறங்க வேண்டியிருக்கும், ஆகவே ஏறும்போதே வழியைப் பதிவு செய்துகொண்டு, டார்ச்சுக்கு மாற்று பேட்டரியும் எடுத்துப் போங்கள்.