ராச்செஸ்டர் கோட்டைக்குப் போனா மொதல்ல தென்கிழக்கு மூலைக்குப் போங்க

இங்கிலாந்துல பழைய கோட்டை பாக்கப் போற முக்காவாசிப் பேர் பண்றது இதுதான். டிக்கெட் வாங்குவாங்க, வாசல்ல இருக்க போர்டைப் படிக்க ஆரம்பிப்பாங்க, மூணாவது வரியிலயே எந்த ஹென்றி எந்த ஹென்றிக்கு அப்பான்னு குழம்பிடும், அப்புறம் மூச்சு வாங்க மேல ஏறி நாலு போட்டோ, கீழ எறங்கி ஒரு காபி, முடிஞ்சுது. நானும் மொத தடவ ராச்செஸ்டருக்குப் போயிட்டு அப்படித்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து போட்டோவத் தள்ளித் தள்ளிப் பாக்கும்போதுதான் அந்தப் பெரிய கோபுரத்தோட மூணு மூலை சதுரமா இருக்கு, ஒண்ணு மட்டும் உருண்டையா இருக்குன்னு கண்ணுல பட்டுச்சு. ரெண்டு மணி நேரம் அதுக்கு அடியிலயே சுத்தியிருக்கேன், கவனிக்கவே இல்ல.

அதனால ரெண்டாவது தடவ போனப்ப வேற வரிசைல பாத்தேன், அந்த வரிசையத்தான் சொல்றேன்.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ்லேர்ந்து வேகமான ரயில் புடிச்சா முக்கால் மணி நேரத்துக்குள்ள ராச்செஸ்டர். ஊருக்குள்ள போனதும் நேரா கோட்டைக்குள்ள நுழைஞ்சிடாதீங்க, மொதல்ல மெட்வே ஆத்துப் பாலத்துக்குப் போய் நின்னு பாருங்க. லண்டன்லேர்ந்து டோவருக்குப் போற ரோடு ரோமர் காலத்து ரோடு, அது இந்த ஆத்தைத் தாண்டுறது இந்த இடத்துலதான். ஃப்ரான்ஸ்லேர்ந்து எறங்கி லண்டனுக்குப் படை போகணும்னாலும் சரி, லண்டன்லேர்ந்து கடற்கரைக்குப் போகணும்னாலும் சரி, இந்தப் பாலத்தைத் தாண்டணும். பாலத்தை யார் கையில வச்சிருக்காங்களோ ரோடு அவங்களுது. எந்தக் கோட்டைக்குப் போனாலும் "ஏன் இங்க கட்டுனான்"ங்கற கேள்விக்கு மொதல்ல பதில் கண்டுபிடிச்சிட்டீங்கன்னா அப்புறம் போர்டு படிக்கறது கூட ஈஸியா இருக்கும்.

அடுத்து வெளி மதில். 1066ல ஃப்ரான்ஸோட நார்மண்டிலேர்ந்து நார்மன்காரங்க படையெடுத்து வந்தப்போ அவசர அவசரமா கட்டுனது எல்லாம் மண்மேடும் மர வேலியும்தான். இங்க கல்லுல மதில் வந்தது 1080கள் கடைசில. கட்டுனவரு கண்டல்ஃப், அவரு ராச்செஸ்டரோட பிஷப், லண்டன் டவர்ல இருக்க வெள்ளைக் கோபுர வேலையையும் பாத்துக்கிட்டவரு. ஹாடன்ஹாம்ங்கற ஊர் பிஷப் கைக்கு வரணும்னா அதுக்குப் பதிலா கோட்டைய உன் செலவுல கல்லுல கட்டிக் குடுன்னு ராஜா இரண்டாம் வில்லியம் பக்கத்துலேர்ந்து டீல், கண்டல்ஃபுக்கு ஆன செலவு 60 பவுண்டுன்னு பழைய ஏட்டுல எழுதி வச்சிருக்காங்க. ஆத்துப் பக்க மதிலோட அடியில ரோமன் ஊர்ச் சுவர் இருக்கு, ஏற்கெனவே இருந்த கடைக்கால் மேலயே ஏத்திக் கட்டிட்டாரு, செலவு மிச்சம். இதுல ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம், நடந்துகிட்டே பாத்துட்டு கோபுரத்துக்கு வாங்க. மைதானத்துக்குள்ள போக காசு கெடையாது, கோபுரத்துக்குள்ள போகத்தான் டிக்கெட்.

கோபுரம்தான் விஷயமே. 1127ல ராஜா முதலாம் ஹென்றி இந்தக் கோட்டைய கேன்டர்பரி ஆர்ச்பிஷப் வில்லியம் டி கார்பெய்ல் கையில ஒப்படைச்சு, கோபுரம் கட்டிக்கவும் அனுமதி குடுத்தாரு. பக்கத்துக்கு ஏறக்குறைய 70 அடி, கைப்பிடிச் சுவர் வரைக்கும் 113 அடி உயரம், அதுக்கு மேல மூலைக் கோபுரங்க இன்னும் 12 அடி. அடியில சுவர் கனம் 12 அடி. இந்த மாதிரி நம்பரெல்லாம் படிச்ச உடனே மறந்துரும், அதனால உள்ள போனதும் ஒரு ஜன்னலுக்குள்ள தலையை விட்டுப் பாருங்க, ஜன்னல் மாதிரியே இருக்காது, குகை மாதிரி போயிட்டே இருக்கும், ரெண்டு ஆள் தலைமாட்டுல கால்மாடா வரிசையா படுக்கலாம், அவ்ளோ கனம்.

வெளிய நிக்கும்போதே கல்லோட நிறத்தைப் பாருங்க. சுவர் முழுக்க ஒழுங்கில்லாத சாம்பல் கல்லு, அது ராச்செஸ்டர் இருக்கற கென்ட் மாவட்டத்துலயே கெடைக்கற ராக்ஸ்டோன், செதுக்க வராது, அப்படியே காரைல போட்டு அடுக்கறதுதான். ஆனா மூலை, கதவு ஓரம், ஜன்னல் ஓரம் எல்லாம் வெளிர் மஞ்சளா நேர் விளிம்போட வேற கல்லு இருக்கும். அது நார்மண்டில கான்ங்கற ஊர்லேர்ந்து கப்பல்ல ஏத்தி கடல் தாண்டிக் கொண்டு வந்தது. காசு எங்க போச்சுன்னு அந்த மஞ்சக் கல்லு காட்டிக் குடுத்துரும். அந்த நார்மன் காலத்து இங்கிலாந்துக் கட்டடம் நெறையதுல இதே கல்லு பாக்கலாம்.

இப்ப போன்ல காம்பஸ் எடுத்து தென்கிழக்கு மூலைக்கு வாங்க. இங்கதான் அந்த உருண்டைக் கோபுரம். இங்க மட்டும் நிதானமா நில்லுங்க.

1215 ஜூன்ல ராஜா ஜான் மாக்னா கார்ட்டால, அதாவது ராஜாவோட அதிகாரத்துக்கு எல்லை போட்டு பிரபுக்கள் கேட்டு வாங்குன சாசனத்துல, முத்திரை வச்சாரு, ரெண்டு மூணு மாசத்துலயே அதைத் தூக்கிப் போட்டுட்டாரு, பிரபுக்கள் சண்டைக்கு நின்னுட்டாங்க. அவங்க பக்கத்து ஆளு வில்லியம் டி ஆபிக்னி ஒரு படையோட வந்து இந்தக் கோட்டையப் புடிச்சு உக்காந்துட்டாரு. அக்டோபர்ல ஜான் நேர்ல வந்து வளைச்சாரு. அவரு மொதல்ல போட்ட உத்தரவுல ஒண்ணு கேன்டர்பரிக்குப் போச்சு, ஊர்ல இருக்க கொல்லர்கள் அத்தன பேரும் வேற வேலையெல்லாம் நிறுத்திட்டு ராப்பகலா குந்தாலி அடிச்சு அனுப்பணும்னு. கல்லெறியற எந்திரங்களும் நாள் பூரா அடிச்சிட்டுதான் இருந்துச்சு, ஆனா ஆள் மனசு வச்சது தோண்டறதுலதான்னு அந்தக் குந்தாலி ஆர்டர்லயே தெரியுது.

வெளி மதில் விழுந்துச்சு, உள்ள இருந்தவங்க கோபுரத்துக்குள்ள பூந்துகிட்டாங்க. அப்புறம்தான் இந்த மூலைக்கு அடியில சுரங்கம். வெடிமருந்து எல்லாம் அப்போ கெடையாது, நெறைய பேர் அதைத்தான் நெனச்சுக்கறாங்க. கடைக்காலுக்குக் கீழ மண்ண எடுக்க எடுக்க சுவர் தலைமேல விழுந்துடாம மரத்துல முட்டுக் குடுத்துகிட்டே போவாங்க, போதுமான அளவு தோண்டுனதும் அந்த முட்டுக்கு நெருப்பு வச்சிட்டு வெளிய ஓடிருவாங்க, மரம் எரிஞ்சதும் மேல இருக்க சுவர் தன் எடையாலயே உக்காந்துரும். பிரச்சினை என்னன்னா ஈர மண்ணுக்குள்ள காத்தில்லாத குழில பச்ச மரம் லேசுல எரியாது. நல்லா எரிய கொழுப்பு வேணும், அதுக்குத்தான் நவம்பர் 25ஆம் தேதி ஜான் தன் தலைமை அமைச்சர் மாதிரி இருந்த ஹூபர்ட் டி பர்குக்கு ஒரு லெட்டர் போட்டாரு: நல்லா கொழுத்த, சாப்பாட்டுக்கு அவ்வளவா ஆகாத பன்னி 40 உடனே அனுப்பு, கோபுரத்துக்கு அடியில நெருப்பு வைக்கணும்னு. அந்த லெட்டரோட நகல் அரசாங்கப் பதிவேட்டுல இன்னிக்கும் இருக்கு. சாப்பாட்டுக்கு ஆகாததா பாத்து அனுப்புன்னு கேட்ட அந்தக் கணக்குப் புத்திதான் எனக்குப் புடிச்சது.

மூலை அப்படியே விழுந்துச்சு. ஆனா சண்டை முடியல, அது ஏன்னு உள்ள போனாதான் புரியும், கொஞ்சம் பொறுங்க. அதுக்கு முன்ன, சதுர மூலை ஏன் விழுது உருண்டை ஏன் நிக்குதுன்னு பாத்துருங்க. சதுர மூலைல ரெண்டு பக்கமும் வெளிய தெரியுது, தோண்டறவன் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கல்லப் பேக்கலாம், மூலைக்கல்லு போச்சுன்னா அதுக்கு மேல இருக்கறது நிக்க ஆதாரமில்ல. மேல நிக்கறவனுக்கும் மூலைக்கு நேர் கீழ இருக்கறவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். உருண்டைல நெம்பறதுக்கு மூலையே கெடையாது, அடிக்கற கல்லும் பாதி சறுக்கிட்டுப் போயிரும். ஜானோட மகன் மூணாம் ஹென்றி காலத்துல இந்த மூலையத் திருப்பிக் கட்டுனப்ப உருண்டையா கட்டுனதுக்குக் காரணம் அதுதான், அழகுக்கு இல்ல.

இப்ப உள்ள போங்க. நுழைவு வடக்குப் பக்கம், தரைமட்டத்துல கெடையாது, மொத மாடில. படி கோபுரத்த ஒட்டியே வளைஞ்சு ஏறும், நடுவுல அந்தக் காலத்துல தூக்குப்பாலம் வேற, கதவுக்கு முன்னாடி தனியா ஒரு சின்னக் கட்டடம் ஒட்டி நிக்கும். கதவை ஒடைக்க வர்றவன் படியேறி வர்ற நேரம் முழுக்க மேலேர்ந்து அடி வாங்கணும்.

உள்ள போனதும் மேல பாத்தா வானம். தரையும் கூரையும் மரத்துல இருந்துச்சு, எல்லாம் போயிருச்சு, அதனால காலி டப்பா மாதிரி இருக்கும். இதப் பாத்து ஏமாந்துடாதீங்க, இதுதான் சௌகரியமே, கட்டடத்த நடுவுல அறுத்துக் காட்டுன மாதிரி மொத்த மாடியும் ஒரே பார்வைல தெரியும். அந்தரத்துல சுவர்ல கணப்பு அடுப்பு தொங்கிட்டு இருக்கும் பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு தரை இருந்திருக்கணும், அப்படி எண்ணுங்க. அடுப்புக்குக் கொஞ்சம் கீழ வரிசையா பெரிய ஓட்டைங்க இருக்கும், அது தரையத் தாங்குன உத்தரம் செருகுன எடம். சின்னச் சின்னச் சதுர ஓட்டை அங்கங்க இருந்தா அது கட்டும்போது சாரம் போட்டது. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா போதும், எந்த இடிஞ்ச கோட்டையிலயும் மாடி எங்க இருந்துச்சுன்னு நீங்களே சொல்லிடலாம்.

எந்த மாடில பெரிய மனுஷன் இருந்தான்னு கண்டுபிடிக்க ஜன்னலப் பாருங்க. கீழ வெறும் கீறல், மேல போகப் போகப் பெருசாகும். ரெண்டாவது மாடில அரை வட்ட வளைவுங்க, அதுல பல்லுப் பல்லா வெட்டுன நார்மன் வேலைப்பாடு, நடுவுல தடிமனான தூண்கள், உயரம் ரெண்டு மாடி அளவு, அதுக்கு மேல சுவர் கனத்துக்குள்ளயே சுத்தி வர்ற நடைபாதை. விருந்து, வழக்கு எல்லாம் இங்கதான்.

நடுவுல கோபுரத்த ரெண்டா பிரிச்சுகிட்டு ஒரு குறுக்குச் சுவர் அடியிலேர்ந்து உச்சி வரைக்கும் போகும். 1215ல தென்கிழக்கு மூலை விழுந்தப்ப தெற்குப் பாதி போச்சு, ஆளுங்க இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் வடக்குப் பாதில உக்காந்து இன்னும் சண்டை போட்டாங்க. குறுக்குச் சுவருக்குள்ளயே கிணறு இருக்கு, எல்லா மாடிலேர்ந்தும் வாளி விடலாம், அதுல குனிஞ்சு பாருங்க. தண்ணிக்குப் பஞ்சமில்ல, சோத்துக்குத்தான், குதிரையெல்லாம் தின்னு முடிச்சாங்க. நவம்பர் 30 சரணடைஞ்சாங்க, மொத்தம் ஏழு வாரம். எல்லாரையும் தூக்குல போடணும்னு ஜான் குதிச்சாரு, நாளைக்கு நம்ம ஆளு மாட்டுனா அவனும் இதையே செய்வான்னு கூட இருந்தவங்க சொன்னப்புறம்தான் அடங்குனாரு.

சுருள் படில ஏறும்போது பக்கத்துல யாராவது கண்டிப்பா சொல்லுவாங்க, வலது பக்கமா சுத்தி ஏறுது, மேலேர்ந்து கத்தி வீசறவனுக்கு வசதி, அதுக்குன்னே கட்டுனதுன்னு. இத ரொம்ப நம்பாதீங்க. எதிர்ப்பக்கமா சுத்துற படி வச்ச கோட்டைங்களும் நெறைய இருக்கு, அந்தக் காலத்துல யாரும் அப்படி எழுதி வைக்கவும் இல்ல. அதே மாதிரி அடிமாடிய பாதாளச் சிறைன்னு காட்டுவாங்க, அது முக்கியமா சாமான் அறை. இங்கிலீஷ்ல சிறைக்குச் சொல்ற டஞ்சன்ங்கற வார்த்தையே இந்த மாதிரி பெரிய கோபுரத்துக்கு ஃப்ரெஞ்சுல இருந்த டான்ஜான்ங்கற பேர்லேர்ந்து வந்ததுதான். இந்தக் கோபுரத்த இங்கிலீஷ்ல இப்ப கீப்னு சொல்றது கூட ரொம்பப் பின்னாடி வந்த பேரு.

உச்சில காத்து தள்ளும், தொப்பி போட்டிருந்தா கையில புடிச்சுக்கோங்க. அங்கேர்ந்து கதீட்ரல் காலடில தெரியும், பாலம் தெரியும், காலையில நின்ன எடத்த மேலேர்ந்து பாத்துக்கலாம்.

டோவர் கோட்டைய இன்னொரு நாளுக்கு வச்சுக்கோங்க, ஒரே நாள்ல ரெண்டும் வேண்டாம், டோவர் மட்டுமே ஒரு நாள் முழுங்கும். அங்க போனா வடக்குக் கோடிக்குப் போங்க. 1216ல ஃப்ரெஞ்சு இளவரசர் லூயி அங்க இருந்த வாசலுக்கு அடியில இதே மாதிரி சுரங்கம் தோண்டி ஒரு கோபுரத்தச் சாய்ச்சாரு, உள்ள இருந்தவங்க மரத்தப் போட்டு ஓட்டைய அடைச்சு விடாம நின்னாங்க. சண்டை முடிஞ்சதும் அந்த வாசலையே கல்லால மூடிட்டு மேற்குப் பக்கம் புதுசா வேற வாசல் கட்டுனாங்க, மூடுன எடம் இன்னும் தெரியும். அன்னிக்கு உள்ள நின்னு காப்பாத்துனது யாருன்னா ஹூபர்ட் டி பர்க், முந்துன வருஷம் 40 பன்னி கேட்டு லெட்டர் வாங்குனாரே, அதே ஆளு.